மருந்து படாத தொட்டி

மாமல்லபுரத்துக்குள் நுழைகிற சாலையோரம் வரிசையாக நிற்கும் கல் பட்டறைகளில் எல்லப்பனுடையது கடைசிக்கு முந்தையது. அதன் பின்னால் சவுக்குத் தோப்பு. தோப்பைத் தாண்டினால் கடல். மழைக்காலம் பிறந்துவிட்டால் அந்தப் பட்டறையில் தண்ணீர் ஏந்தாத கல்லைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தாமரைப் பீடத்தின் குழிவில் இரண்டு கை தண்ணீர். தியானத்தில் அமர்ந்த புத்தரின் விரித்த உள்ளங்கையில் ஒரு மிடறு. ஓட்டல்காரர்கள் பூ மிதக்கவிட வாங்கிப்போகும் கல் உருளிகள் பன்னிரண்டிலும் விளிம்பு வரை. புதன்கிழமைதோறும் அவற்றையெல்லாம் கவிழ்த்துக் கொட்டுவதும், கவிழாத பெரிய கல்லில் மருந்து ஊற்றுவதும் சிநேகாவின் வேலை.

அவள் ஒப்பந்தத்தில் சேர்ந்த கொசு ஒழிப்புப் பணியாளர். வயது இருபத்தொன்பது. வீடு செங்கல்பட்டில். காலையில் திருக்கழுக்குன்றம் வழியாக வரும் பேருந்தைப் பிடித்தால் எட்டரைக்கு இங்கே இறங்கிவிடலாம்; இரண்டரைக்கு வேலை முடிந்து ஏறினால், நான்கு மணிக்கு மகள் ஜெபாவின் பள்ளி வாசலில் நிற்கலாம். இதற்கு முன் மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் மாலை ஷிப்டில் இருந்தாள். அந்த இரண்டு வருடமும் மகள் தூங்கும் முகத்தைத்தான் அவள் பார்த்தது. இப்போது வாசலில் நிற்கும் அம்மாவைக் கண்டதும் ஜெபா புத்தகப் பையை முதுகிலிருந்து உருவி நீட்டுவாள். அதை வாங்கித் தோளில் போட்டுக்கொள்ளும் அந்த நொடிக்காக எத்தனை உருளியை வேண்டுமானாலும் கவிழ்க்கலாம் என்றிருந்தது சிநேகாவுக்கு.

ஆகஸ்ட் கடைசியில் முதன்முதலாக வந்தபோது பையில் ஒரு கம்பி பிரஷ் கொண்டுவந்திருந்தாள். ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணீரில் இடுவதில்லை, தண்ணீருக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் ஒட்டவைக்கும், எனவே தேய்க்காமல் கொட்டுவது பாதி வேலைதான் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். எல்லப்பன் பிரஷ்ஷைப் பார்த்ததும் உளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"இன்னாமா அது கையில?"

"பிரஷ்ணா. உருளிக்கு உள்ள தேய்க்கணும். முட்டை ஒட்டிக்கினு இருக்கும்."

"கம்பியா? நல்லா கீதே கதை! ஒரு மாசம் பொளிஞ்சி, ஒரு மாசம் தேச்சி, நெகம் பட்டா வழுக்கற மாரி வெச்சிருக்கேன். நீ வந்து அஞ்சு நிமிசத்துல கீறிட்டுப் போவ. தபாருமா, வேலை முடிஞ்ச கல்லு மேல இரும்பு படக்கூடாது. எங்க நைனா காலத்துலேர்ந்து இந்தப் பட்டறையில அதான் சட்டம். தண்ணிய கொட்டிக்கோ, கவுத்துக்கோ, தலைகீழா நின்னுக்கோ. இரும்பு மட்டும் வோணாம்."

சிநேகா பிரஷ்ஷைப் பைக்குள் போட்டாள். அதோடு அது பையிலேயே கிடந்தது. அவள் கொட்டினாள், அடுத்த புதன் வரும்போது உருளிகளில் மழைத் தண்ணீரும், தண்ணீரில் தலைகீழாகத் தொங்கி வாலால் மூச்சு வாங்கும் புழுக்களும் இருந்தன. மறுபடி கொட்டினாள். மறுபடி புழு.

பட்டறையின் பின்கோடியில், சவுக்குத் தோப்பின் வேலியோரம், எட்டடி நீளமும் நாலடி அகலமும் கொண்ட ஒற்றைக்கல் தொட்டி ஒன்று கிடந்தது. கடற்கரைச் சாலையில் வரவிருந்த ஒரு விடுதிக்காகச் செதுக்கியது. விடுதி கட்டி முடிந்தபாடில்லை, தொட்டியும் நகர்ந்தபாடில்லை. இரண்டு வருட மழை அதில் தங்கியிருந்தது. அதைக் கவிழ்க்க கிரேன்தான் வர வேண்டும் என்பதால் இந்த ஆகஸ்டிலிருந்து வாரந்தோறும் மருந்து ஊற்றுவதாக ஏற்பாடு. தொட்டியின் ஒரு பக்கம் செதுக்கித் தள்ளிய கல் சில்லுகள் விளிம்பு உயரத்துக்குக் குவிந்திருந்தன. முதல் நாள் சிநேகா அந்தக் குவியலில் கால் வைத்து ஏறியபோது, தண்ணீரில் கட்டம் போட்ட கயிறு ஒன்று நெளிந்து தலை தூக்கியது.

"அண்ணா! பாம்பு!"

"தண்ணிப் பாம்புமா. வெசம் கெடையாது. அதுவும் நம்ம பட்டறையில வேலை செய்ற ஆளுதான். இன்னா, சம்பளத்த தவளையா வாங்கிக்கிது!" என்று எல்லப்பன் இருந்த இடத்திலிருந்தே சிரித்தார்.

சிநேகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குக் குவியலிலிருந்து இறங்கியவள் அந்தத் தொட்டிக்குப் பத்தடி தூரத்தில் ஒரு கோட்டை மனதில் போட்டுக்கொண்டாள். பதிவேட்டில் மட்டும் 'பெரிய தொட்டி: மருந்து ஊற்றப்பட்டது' என்று எழுதினாள். முதல் தடவை எழுதும்போது கை கூசியது. நான்காவது தடவை கூசவில்லை. நவம்பர் பாதிக்குள் அந்த வரி பன்னிரண்டு முறை ஆகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை கைபேசியில் சுகாதார ஆய்வாளர் விஜயகுமாரியின் குரல் பதிவு வந்தது. மதுராந்தகத்துக்காரர், கோபத்தையும் விசாரிப்பையும் ஒரே தொனியில் பேசக்கூடியவர்.

"சிநேகா, அந்தப் பட்டறைக்குப் பின் தெருவுல ரெண்டு பிள்ளைங்களுக்கு டெங்குன்னு லிஸ்ட்ல வந்திருக்கு. நல்லாயிட்டாங்க, பயமில்ல. ஆனா எட்டு வாரமா உன் ரிப்போர்ட்ல அங்க புழு காட்டுது. மருந்து ஊத்துறோம், கொட்டுறோம், அப்பறம் எங்கேர்ந்து வருது? எனக்கு அந்தப் பெரிய தொட்டி மேலதான் சந்தேகம். நாளைக்குப் பத்து மணிக்கு நானே வந்து பாக்கறேன். அதுலயும் புழு இருந்துச்சுன்னா அந்த ஏரியாவ வேற ஆளுக்கு மாத்திடுவேன். உனக்குக் குடுக்க வேற ஏரியா இப்ப காலி இல்ல, அதையும் இப்பவே சொல்லிடறேன்."

சிநேகா அந்தப் பதிவை இரண்டு முறை கேட்டாள். வேறு ஏரியா இல்லை என்றால் வேலை இல்லை. வேலை இல்லை என்றால் மறைமலைநகர், மாலை ஷிப்ட், தூங்கும் முகம். அவள் மருந்துப் புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முக்கால் புட்டி இருந்தது. பன்னிரண்டு வாரத்துக்கும் சேர்த்து ஒரே நாளில் ஊற்றிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு கிளம்பினாள்.

அவள் பட்டறைக்கு வந்தபோது சாப்பாட்டு நேரம். உளிச் சத்தம் ஓய்ந்திருந்தது. அதனால் கடல் கேட்டது. எல்லப்பன் தார்ப்பாய் நிழலில் அமர்ந்து டிபன் கேரியரைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சிநேகா, இன்னிக்கு செவ்வாய்க்கெழம. நாளு மாறிப்போச்சா, நீ மாறிப்போய்ட்டியா?"

"நாளைக்கு மேடம் வர்றாங்கண்ணா. பெரிய தொட்டிக்கு மருந்து ஊத்தணும்."

"அதான் வாரா வாரம் ஊத்தறியே" என்றார் எல்லப்பன், சோற்றிலிருந்து கண் எடுக்காமல். அவருக்கு உண்மை தெரியுமா என்பதை அந்தக் குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

சிநேகா ஒரு சவுக்குக் குச்சியால் கல் சில்லுகளைத் தட்டிக்கொண்டே ஏறினாள். பாம்பைக் காணவில்லை. தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது, அடியில் பாசி. ஊற்றுவதற்கு முன், எவ்வளவு புழு கிடக்கிறது என்று தெரிந்துகொண்டால் அதற்கேற்ப மருந்தைக் கூட்டலாமே என்று புழு எண்ணத் தந்திருந்த நீளக் காம்பு வெள்ளைக் கரண்டியைச் சாய்த்து ஒரு முகவை தண்ணீர் எடுத்தாள். உருளியில் எடுத்தால் ஒரு முகவைக்கு முப்பது, நாற்பது நெளியும். இரண்டு வருடமாக யாரும் தொடாத இந்த எட்டடித் தண்ணீரில் கரண்டி கொள்ளாமல் இருக்கும் என்று எதிர்பார்த்தாள்.

கரண்டியில் ஒன்றுமில்லை. ஒரு தலைப்பிரட்டை மட்டும் வட்டமடித்தது.

இன்னொரு முகவை. மல்லாந்து படுத்தபடி இரண்டு கால்களைத் துடுப்பாக வீசிப்போகும் ஒரு பூச்சி. மற்றொன்று. வெறும் தண்ணீர். பத்து முகவை எடுத்துவிட்டாள். ஒரு கொசுப்புழு இல்லை. பதினொன்றாவதில் விரல் நுனி அளவில், மண் நிறத்தில், ஆறு காலுடன் ஏதோ ஒன்று கரண்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு அவளையே பார்த்தது.

"அண்ணா, இது இன்னாது?"

எல்லப்பன் ஒரு கையில் கவளத்தோடு எட்டிப் பார்த்தார். "யாருக்குத் தெரியும்? மழ விட்டா இது மேல ஏறி வந்து கல்லப் புடிச்சிக்கினு ஒக்காந்துக்கும். அப்பறம் முதுகு வெடிச்சி உள்ளேர்ந்து தட்டான் வரும். தோலு அப்படியே கல்லுல நிக்கும். தோ பாரு, நாலு நிக்குது."

விளிம்பின் உட்புறம், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, காய்ந்த கூடுகள் நான்கு ஒட்டியிருந்தன. அவை தட்டான் விட்டுப்போன சட்டைகள்.

சிநேகா இறங்கிப்போய் ஓர் உருளியில் ஒரு முகவை எடுத்தாள்; முப்பதுக்குக் குறையாத புழுக்கள் நெளிந்தன. அதைக் கொண்டுவந்து தொட்டியின் ஓரத்தில் மெல்ல ஊற்றினாள்.

பாசிக்குள்ளிருந்து முதலில் ஒரு அசைவும் இல்லை. புழுக்கள் வழக்கம்போல வாலை மேலே நீட்டித் தொங்கின. அப்போது மண் நிறத் தட்டான் குஞ்சு ஒன்று சற்றே நகர்ந்தது. அதன் முகத்தின் கீழே மடித்து வைத்திருந்த உறுப்பு ஒன்று கை நீட்டுவதுபோல் விருட்டென்று நீண்டு மடங்கியது. ஒரு புழு இல்லை. வலப்பக்கம் மற்றொன்று. மல்லாந்து நீந்தும் பூச்சி கீழிருந்து வந்து ஒன்றை அணைத்துக்கொண்டு போயிற்று. எல்லப்பன் கை கழுவிவிட்டு வருவதற்குள் நான்கோ ஐந்தோதான் மிச்சம் தொங்கின.

"அடேங்கப்பா, நாஸ்தா கொண்டாந்து போட்டியா?" என்றார் எல்லப்பன்.

பள்ளிக்கூடத்தில் தான் வரைந்த படம் சிநேகாவுக்கு நினைவுக்கு வந்தது: புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு, இடையில் நான்கு அம்புக்குறிகள். அந்தப் படத்தில் எல்லாம் ஒரே கோட்டில் நின்றன. இங்கே கோடு நிற்கவில்லை. தட்டான் குஞ்சு கொசுப்புழுவைத் தின்றது. கிடைத்தால் தலைப்பிரட்டையையும் தின்னும். தலைப்பிரட்டை பாசியைத் தின்று பிழைத்துத் தவளையானால் அதே தட்டானைத் தாவிப் பிடிக்கும். தவளைக்காகப் பாம்பு. குஞ்சுக்காக வேலியில் ஒரு மீன்கொத்தி இந்நேரமும் தலையைச் சாய்த்துக் காத்திருந்தது. ஒன்றின் வயிறு இன்னொன்றின் வயிற்றோடு இப்படிக் குறுக்கும் நெடுக்குமாக முடிச்சுப் போட்டிருந்த அந்தத் தண்ணீரில் கொசுவுக்கு மட்டும் இடம் இல்லாமல் போயிருந்தது.

அப்படியானால் உருளிகள்? அவள் திரும்பிப் பார்த்தாள். உருளிக்குத் தட்டான் வராமல் இல்லை, வரும், முட்டையிடும். ஆனால் அதன் குஞ்சு வளர மாதங்கள் வேண்டும். அதற்குள் புதன்கிழமை வந்துவிடும். சிநேகா வந்து கவிழ்ப்பாள். தண்ணீரோடு குஞ்சும் மண்ணில் கிடந்து சாகும். கொசுவின் முட்டையோ கல்லில் ஒட்டிக் காய்ந்தபடி அடுத்த மழைக்குக் காத்திருக்கும். தேய்க்காமல் கொட்டிய ஒவ்வொரு புதனும் அவள் கொன்றது கொசுவைத் தின்ன வந்ததைத்தான்.

மருந்துப் புட்டி இன்னும் அவள் கையில் இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உண்மையான சிக்கல் உறைத்தது. ஊற்றாமல் விட்டால் நாளைக்கு இந்தத் தண்ணீரில் புழு இருக்காது. ஆனால் குஞ்சுகள் இருக்கும். பன்னிரண்டு வாரம் மருந்து குடித்ததாகப் பதிவேடு சொல்லும் தொட்டியில் இத்தனை உயிர் இருப்பதை விஜயகுமாரி மேடம் பார்த்தால் அடுத்த கேள்வி என்னவென்று அவளுக்குத் தெரியும். ஊற்றிவிட்டாலோ புழுவும் இருக்காது, பூச்சியும் இருக்காது. பதிவேட்டின் பன்னிரண்டு வரிகளும் உண்மையாகிவிடும். மேடம் திருப்தியாகப் போவார். நான்கு மணிக்குப் பள்ளி வாசலில் நிற்கலாம். பிறகு ஒரு மாதத்தில், தின்ன ஆளில்லாத எட்டடி உருளியாக இது மாறும். பின் தெருவில் இன்னும் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். வீடு வீடாகக் குடத்தை எட்டிப் பார்ப்பவள் அவள்தான்.

அவள் மூடியைத் திறந்தாள். மருந்தின் நெடி மேலே வந்தது. மண் நிறக் குஞ்சு கல்லின் ஓரமாக, அவள் விரலுக்கு ஒரு சாண் தூரத்தில், மறுபடி காத்திருக்கத் தொடங்கியிருந்தது.

"இன்னாமா, ஊத்தப்போறியா இல்ல மோந்து பாத்துக்கினே நிக்கப்போறியா?"

சிநேகா மூடியைத் திருகி மூடினாள். "இன்னிக்கு வோணாம்ணா" என்றாள்.

புதன்கிழமை பத்து மணிக்கு விஜயகுமாரி வந்தார். முதலில் உருளிகள். ஒவ்வொன்றிலும் புழு. அவர் ஓர் உருளியின் உட்சுவரில் தண்ணீர் மட்டத்துக்கு மேலே சுண்டு விரல் நகத்தால் வழித்து, நகத்தைச் சிநேகாவிடம் காட்டினார். கரித்தூள் போல நாலைந்து புள்ளிகள்.

"தேய்க்கறது இல்லையா?"

"கம்பி பிரஷ் படக்கூடாதுன்னு அண்ணன் சொன்னாரு மேடம்."

"கம்பிதான மேடம் வோணாம்னேன்" என்று எல்லப்பன் குறுக்கே வந்தார். "தேங்கா நாரு போட்டுத் தேச்சிக்க வேண்டிதான! நான் தெனம் அத்தப் போட்டுத்தான கழுவறேன். இந்தப் பொண்ணு கேக்கவே இல்ல."

விஜயகுமாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எட்டு வாரம்! ஒரு கை நாரு. ரெண்டு பேருக்கும் வாய் இருக்குதானே?"

பிறகு பெரிய தொட்டி. அவர் சேலையைச் செருகிக்கொண்டு குவியலில் ஏறி, பத்து முகவை எடுத்தார். ஒவ்வொரு முகவையையும் கண்ணருகே கொண்டுபோனார். பத்தாவதைத் திரும்ப ஊற்றிவிட்டு, காய்ந்த கூடுகளையும் அடியில் நகரும் குஞ்சுகளையும் நெடுநேரம் பார்த்தார். அவர் பூச்சியியல் பயிற்சி பெற்றவர். சிநேகா நேற்று மெல்ல மெல்லக் கண்டது அவருக்கு ஒரே பார்வையில் தெரிந்திருக்கும்.

"பன்னெண்டு வாரம் மருந்து ஊத்துன தொட்டியாம்மா இது?"

முந்தைய இரவே சொல்லிப் பழகிய வாக்கியங்களை விட்டுவிட்டாள் சிநேகா. "ஊத்தல மேடம். ஒரு வாரம்கூட ஊத்தல. பாம்புக்குப் பயந்து கிட்டயே வரல. எழுதுனது எல்லாம் பொய்."

எல்லப்பன் உளியைத் தேடுவதுபோல் நகர்ந்தார்.

"நேத்து ஊத்திடலாம்னுதான் வந்தேன்" என்று சிநேகா தொடர்ந்தாள். "இருந்த முக்கால் புட்டியையும் ஊத்திட்டா உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. உருளிப் புழுவை இதுல விட்டுப் பாத்தேன் மேடம், எல்லாத்தையும் தின்னுடுச்சு. அப்பறம் ஊத்த மனசு வரல."

விஜயகுமாரி குவியலிலிருந்து இறங்கி, பதிவேட்டை வாங்கி, ஒரு பீடத்தின் மேல் வைத்துப் பிரித்தார். "நீ ஊத்தாததால நல்லதாப் போச்சுன்னு நான் சொல்லணும்னு பாக்கறியா? சொல்ல மாட்டேன். இதுல பாம்பு இருந்தது, தட்டான் இருந்தது, உன் அதிர்ஷ்டம். வெறும் தொட்டியா இருந்திருந்தா? உன் எழுத்த நம்பித்தான நான் அந்தத் தெருவுக்குப் புகை அடிக்கறதா வேணாமான்னு முடிவு பண்றேன்?"

"ஆமா மேடம்."

"எழுது." பேனாவை நீட்டினார். "பன்னெண்டு வரியையும் அடிச்சிட்டு, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல 'பார்க்கவில்லை'ன்னு உன் கையால எழுது. மெமோ வரும். பதில் எழுதிக் குடு. அது உன் ஃபைல்ல இருக்கும், நான் எடுக்க மாட்டேன்."

சிநேகா எழுதினாள். பன்னிரண்டு முறை ஒரே சொல்லை எழுதி முடிக்க நேரமாயிற்று. முடித்துவிட்டு, "ஏரியா மேடம்?" என்று கேட்டாள்.

விஜயகுமாரி பதிவேட்டை மூடினார். "பொய்ய மறைக்கறதுக்கு உன் கையில முக்கால் புட்டி மருந்து இருந்தது. ஊத்தாம வந்து நின்ன. அதனால நாலு வாரம் குடுக்கறேன். உருளிய நாரு போட்டுத் தேய். தொட்டிக்கு மருந்து வேணாம். ஆனா வாரா வாரம் பத்து முகவை, நாலு பக்கமும். இந்தக் கல்லுக் குவியல் பக்கமும் சேர்த்து. ஒரே ஒரு புழு வந்தாலும் அன்னிக்கே எனக்கு போன் வரணும். நாலு வாரத்துல உருளி சுத்தமாச்சுன்னா ஏரியா உன்னுது. ஆகலன்னா, நான் நேத்து சொன்னதுதான்."

அன்றே சிநேகா உருளிகளை ஒவ்வொன்றாக நாரால் தேய்த்தாள். எல்லப்பன் முதல் இரண்டுக்கு அருகிலேயே நின்று மேற்பார்வை பார்த்தார்; மூன்றாவதிலிருந்து நம்பிக்கை வந்து தன் வேலைக்குப் போய்விட்டார். அடுத்த புதன்கிழமை உருளி பன்னிரண்டில் மூன்றில்தான் புழு இருந்தது; எல்லாவற்றையும் மறுபடி தேய்த்தாள். பிறகு அவள் கரண்டியை எடுத்துக்கொண்டு பெரிய தொட்டிக்கு வந்தாள். மூன்று பக்கம் முடிந்தது. ஏழு முகவை, புழு இல்லை. மிச்சம் மூன்றும் குவியல் பக்கம்.

அவள் ஏறினாள். கட்டம் போட்ட கயிறு அங்கேதான் இருந்தது, பாதி உடல் தண்ணீரிலும் பாதி கல் சில்லிலுமாக, வாயில் ஒரு தவளையின் பின்கால்களோடு. தவளை இன்னும் முழுதாக உள்ளே போகவில்லை. பாம்புக்கு அவளைக் கவனிக்க நேரமில்லை. இறங்கிப்போய், பாம்பு போன பிறகு வரலாம். யாரும் தவறாக நினைக்கப்போவதில்லை. ஆனால் இரண்டரை மணிப் பேருந்துக்கு இன்னும் அரை மணிதான் இருந்தது. அதோடு, பேனா சட்டைப்பையில் காத்திருந்தது.

"எட்டு" என்று வாய்விட்டு எண்ணியபடி கரண்டியைச் சாய்த்தாள். தலைப்பிரட்டை ஒன்று. புழு இல்லை.

"இன்னாமா, யார்கிட்ட பேசற?" என்று எல்லப்பன் தூரத்திலிருந்து கேட்டார்.

"உங்க ஆளுகிட்டதாண்ணா. சம்பளம் வாங்கிக்கினு இருக்காரு" என்றாள் சிநேகா. "ஒம்பது."

தவளையின் கால்களும் உள்ளே போய்விட்டன. பாம்பு தலையை ஒரு முறை தூக்கி, தண்ணீருக்குள் சத்தமின்றி இறங்கி மறைந்தது. அலை அடங்கும் வரை காத்திருந்துவிட்டு, அது இறங்கிய இடத்திலேயே பத்தாவது முகவையை எடுத்தாள். பிறகு பதிவேட்டைப் பிரித்து, 'புழு' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினாள். தின்பவற்றை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் எதுவும் இல்லை. ஓரத்தில் இடம் இருந்தது. 'தட்டான் குஞ்சு 6, தலைப்பிரட்டை 9, பாம்பு 1, பார்த்தேன்' என்று அங்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேருந்தைப் பிடிக்க நடந்தாள்.